கருப்பைவாய்ப் புற்றும் இரண்டு புரதங்களும்

2019ஆம் ஆண்டில் ஒரு நாள், தூத்துக்குடி நகரை ஒட்டியுள்ள மாப்பிள்ளையூரணியில், உறவினர் இல்லமொன்றில் தஃஸியத்துக்காகக் கூடியிருந்தோம். வஃபாத்தானவர் என் தாயாரின் மூத்த சகோதரி. அவருக்கு வந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். நோய் இன்னதென்று தெரியவந்தபோது அது சிறுநீர்ப்பைவரை பரவிவிட்டிருந்தது. பெண்கள் அமர்ந்திருந்த உள்ளறையில் மாமி ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “நம்ம வீட்டு ஆம்பிளைங்க எல்லாரும் சுன்னத் செஞ்சவங்க. பொறவு எப்பிடி இந்த நோவு வந்திச்சு?”

மேலோட்டமாகப் பார்த்தால் இது மருத்துவக் கேள்வி. ஆனால் அறையிலிருந்த அனைவருக்கும் அதன் உட்பொருள் விளங்கியது. ‘தவறான நடத்தையால் வரும் நோய்’ என்று எங்கோ கேட்டு வைத்திருந்த சொல் அங்கே நடமாடிக்கொண்டிருந்தது. இறந்துபோன ஒரு நல்ல பெண்மணியின் மீதோ அவருடைய கணவர் மீதோ யாரும் வாய்திறந்து பழி கூறவில்லை. ஆயினும் ஐயம் பிறந்துவிட்டது. கற்புள்ள பெண்கள்மீது ஆதாரமின்றிப் பழி சுமத்துவதைப் பெரும்பாவங்களுள் ஒன்றாக வைத்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். அறியாமையால் எழும் ஐயத்தை அறிவால்தான் களைய முடியும். அந்த மாமியின் கேள்விக்கு முழுமையான விடை சொல்ல வேண்டுமானால், கண்ணுக்குப் புலப்படாத இரண்டு சிறு புரதங்களின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அரபு மொழியில் இந்நோய்க்கு ‘ஸரத்தான்’ என்று பெயர். நண்டு என்பது அதன் பொருள். கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்தக் குழாய்களை நண்டின் கால்களாகக் கண்ட கிரேக்க மருத்துவர்களின் உவமையே அரபிக்கும் வந்தது. இப்னு ஸீனா தமது ‘அல்கானூன்’ நூலில், தொடக்கநிலையில் உள்ள சிறு கட்டியை மட்டுமே வெட்டியெடுக்க முயலலாம் என்றும், அப்போதும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் சேர்த்து நீக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். முற்றிய ஸரத்தானைத் தாம் குணப்படுத்தியதும் இல்லை, குணப்படுத்தியவரைக் கண்டதும் இல்லை என்று குர்துபாவின் அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி ஒளிவின்றி எழுதிவைத்தார். தமிழரோ இதைப் புற்று என்றனர். நிலத்தடியில் நெடுநாள் நடக்கும் வேலை ஒருநாள் மண்மேடாக வெளியே தெரிவது புற்று. கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை நண்டைவிடப் புற்றே பொருத்தமான பெயர் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்நோயிலும் மேடு தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அடியில் வேலை தொடங்கிவிடுகிறது.

உயிரணுக்கள் பெருகுவது மட்டுமே நோயாகிவிடாது. காயம் ஆறுவதும் குழந்தை வளர்வதும் பெருக்கத்தால்தான். நம் கடற்கரையே இதற்கு நல்ல சான்று தருகிறது. காயல்பட்டினத்து, கீழக்கரை முஸ்லிம்களும் பங்குகொண்ட முத்துச் சலாபம் தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961ஆம் ஆண்டில். அதன்பின் 1973 ஜூலையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் செயற்கை முறையில் உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினார். அம்முறையில், ஒரு சிப்பியின் மேலுறைத் தசையிலிருந்து சிறு துணுக்கை வெட்டி, ஓர் உருண்டை மணியோடு சேர்த்து மற்றொரு சிப்பியினுள் வைக்கின்றனர். அத்துணுக்கின் மேற்படல உயிரணுக்கள் பெருகி மணியைச் சுற்றிப் பையாகப் படர்கின்றன. பை நிறைவடைந்ததும் பெருக்கம் நின்றுவிடும். பிறகு அவை தம் வேலையான முத்துப்பூச்சில் ஈடுபடுகின்றன. அன்னியமான இடத்தில் வைக்கப்பட்ட உயிரணுக்களே ஆனாலும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவை மறப்பதில்லை. புற்றுநோயில் மறக்கப்படுவது இந்த நிறுத்தம்தான்.

மனித உயிரணுவில் இந்த நிறுத்தத்தைக் காக்கும் புரதங்கள் பல உள்ளன. நம் கதைக்கு அவற்றுள் இரண்டு போதும். முதலாவது ஆர்.பி. என்னும் புரதம். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற, குழந்தைகளின் கண்ணில் தோன்றும் புற்றுநோயின்வழி கண்டறியப்பட்டதால் இப்பெயர் பெற்றது. உயிரணு தன் மரபுப்பொருளான டி.என்.ஏ.வைப் படியெடுக்கத் தொடங்குமுன் கடக்க வேண்டிய வாயிலில் இது காவல் நிற்கிறது. படியெடுக்கும் பணிக்குரிய மரபணுக்களை முடுக்கிவிடும் காரணிகளை இறுகப் பிடித்து வைத்திருப்பதே இதன் வேலை. முறையான கட்டளை வந்தால் பிடியைத் தளர்த்தும். வராவிட்டால் தளர்த்தாது.

இரண்டாவது காவலன் பி-53. 1979இல் கண்டறியப்பட்டபோது இதுவே புற்றை வளர்க்கும் புரதம் என்று அறிஞர்கள் தவறாகக் கருதினர். பத்தாண்டுகள் கழித்தே உண்மை தெளிந்தது. மரபுப்பொருளில் முறிவோ பழுதோ ஏற்பட்டால் பி-53 உயிரணுவைத் தடுத்து நிறுத்துகிறது. பழுதைச் சீர்செய்ய இயலாதபோது அவ்வுயிரணுவைத் தானே மடியும்படி செய்கிறது. ஒன்று கெட்டாலும் ஊர் கெடாதிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இது. டேவிட் லேன் என்ற அறிஞர் 1992இல் இதற்கு ‘மரபுத்தொகுதியின் காவலன்’ என்று பெயர் சூட்டினார்.

இனி எதிரியைப் பார்ப்போம். மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்.பி.வி., மிகச் சிறிய உயிர்ப்பொருள். மனித மரபுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட பெருநூல் என்றால், இவ்வைரஸின் மரபுத்தொகுதி 8,000 எழுத்துகளுக்கும் குறைவான துண்டுச்சீட்டு. இதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. சில தோலில் பாலுண்ணியை உண்டாக்குவதோடு நின்றுவிடுபவை. 16, 18 என்ற எண்ணிட்ட வகைகள் அபாயமானவை. உலகில் நேரும் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இவ்விரண்டே காரணம். ஜெர்மனியில் ஹரால்ட் ட்ஸுர் ஹௌஸன் தலைமையிலான குழு 1983இல் 16ஆம் வகையையும், 1984இல் 18ஆம் வகையையும் புற்றுத் திசுவிலிருந்து பிரித்தெடுத்தது. அக்காலத்தில் பெரும்பாலோர் வேறொரு வைரஸையே ஐயுற்றிருந்தனர். 2008ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பாதி அவருக்கு வழங்கப்பட்டது.

கருப்பைவாயின் மேற்படலம் பல அடுக்குகளால் ஆனது. அடியடுக்கில் உள்ள உயிரணுக்கள் பிரிந்து பெருகும். மேலே தள்ளப்படுபவை பிரிவதை நிறுத்தி, முதிர்ந்து, உதிர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சிறு காயத்தின் வழியே வைரஸ் அடியடுக்கை அடைகிறது. அங்கிருந்து மேலே ஏறும் உயிரணுவோடு தானும் ஏறுகிறது. இங்கே அதற்கொரு சிக்கல். தன்னைப் படியெடுத்துக்கொள்ள அதனிடம் சொந்தக் கருவிகள் இல்லை. உயிரணுவின் கருவிகளையே இரவல் பெற வேண்டும். ஆனால் மேலேறும் உயிரணு அக்கருவிகளை மூட்டைகட்டி வைத்துவிட்டது. தூங்கப்போனவரை எழுப்பி வேலை வாங்கினாலன்றி வைரஸுக்கு வாழ்வில்லை.

எழுப்பும் வேலையைச் செய்வது ஈ-7 என்னும் புரதம். 16ஆம் வகை வைரஸில் இது 98 அமினோ அமிலங்களே கொண்ட சிறு சங்கிலி. வாயிற்காவலனான ஆர்.பி.யைப் பற்றிக்கொண்டு அதன் பிடியை விடுவிக்கிறது. பின்னர் அதை அழியவும் செய்கிறது. கட்டளை வராமலே வாயில் திறக்கிறது. ஓய்வெடுக்க வேண்டிய உயிரணு மீண்டும் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. கட்டி வளர்வதன் முதற்படி இது.

நம் உடலில் இதற்கும் ஓர் எதிர் ஏற்பாடு உண்டு. முறைகேடாக எழுப்பப்பட்ட உயிரணுவில் பி-53 விழித்துக்கொண்டு அதை மடியச் சொல்லும். ஆகவே ஈ-7 தனித்து வந்தால் அதன் வெற்றி நெடுநாள் நீடிக்காது. இதனால்தான் வைரஸ் ஈ-6 என்ற இரண்டாவது புரதத்தையும் உண்டாக்குகிறது. ஈ-6 தன் கையால் பி-53ஐக் கொல்வதில்லை. உயிரணுவின் சொந்தக் கழிவகற்றும் துறையிலுள்ள ஒரு புரதத்தைத் துணைக்கழைத்து, பி-53இன் மீது ‘அகற்றப்பட வேண்டியது’ என்ற முத்திரையைக் குத்தவைக்கிறது. முத்திரை விழுந்த காவலன் துண்டுதுண்டாக்கப்படுகிறான். வீட்டுக் காவலாளியை வீட்டாரின் கையாலேயே வெளியேற்றும் சூழ்ச்சி இது. இவ்விரு உண்மைகளும் 1989, 1990 ஆண்டுகளில் அடுத்தடுத்து வெளிவந்தன. குரோமோசோம்களின் நுனிகள் ஒவ்வொரு பிரிவிலும் தேய்ந்து, உயிரணுவின் ஆயுளை எல்லைக்குட்படுத்துவது இயல்பு. அத்தேய்மானத்தை ஈடுசெய்யும் டெலோமெரேஸ் என்ற நொதியையும் ஈ-6 தூண்டிவிடுவது பின்னர் தெரியவந்தது.

இதுவரை சொன்னது வளர்ச்சியைப் பற்றி. வளர்ச்சியைவிடக் கேடானது அடுத்து வருவது.

உயிரணு ஒவ்வொரு முறை பிரியும்போதும் அதன் 46 குரோமோசோம்களும் இரட்டித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி இருபுறமும் பிரிந்து செல்ல வேண்டும். இதற்கென உயிரணுவின் இரு துருவங்களிலும் சென்ட்ரோசோம் என்ற மையங்கள் நின்று, நுண்ணிழைகளால் குரோமோசோம்களைத் தம்பக்கம் இழுக்கின்றன. இழுப்பவர் இருவர்தான் இருக்க வேண்டும். ஈ-7 புகுந்த உயிரணுவிலோ இம்மையங்கள் அளவுக்கு மீறிப் படியெடுக்கப்பட்டு மூன்றாகவும் நான்காகவும் பெருகுகின்றன. இரு திசையில் இழுக்கப்பட வேண்டியவை பல திசைகளில் இழுக்கப்படுகின்றன. ஒரு சேய் உயிரணுவுக்கு மிகுதி, மற்றொன்றுக்குப் பற்றாக்குறை. சில குரோமோசோம்கள் முறிந்து வேறொன்றோடு ஒட்டிக்கொள்கின்றன.

இந்தக் காட்சியை முதன்முதலில் கண்டு பொருளுணர்ந்தவர் தியோடர் போவெரி என்ற ஜெர்மானியர். அவர் ஆராய்ந்தது மனிதரையன்று; கடலடியில் முட்களோடு உருண்டையாக ஒட்டிக் கிடக்கும் கடல் முள்ளெலியை. நம் மன்னார் வளைகுடாவிலும் இவ்வினம் உண்டு. ஒரு முட்டையில் இரு விந்தணுக்கள் புகும்படி அவர் செய்தபோது, பிரிவின் துருவங்கள் இரண்டுக்குப் பதில் நான்காயின. குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்பட்டு, கருக்கள் சிதைந்தன. இதிலிருந்து அவர் துணிந்து ஓர் முடிவுக்கு வந்தார்: புற்றுநோயின் வேரும் இத்தகைய தவறான பங்கீடாக இருக்கலாம் என்று 1914இல் நூல் எழுதினார். அடுத்த ஆண்டே மறைந்தார். மனிதனின் குரோமோசோம்கள் 46 என்பதே 1956இல்தான் உறுதியாயிற்று என்பதை நினைத்துப் பார்த்தால், அவருடைய தொலைநோக்கு வியப்பளிக்கிறது.

பங்கீடு தவறிய உயிரணு பெரும்பாலும் மடிந்துபோகும். மடியவைக்கும் காவலன் பி-53. ஆனால் அவனை ஈ-6 ஏற்கெனவே அகற்றிவிட்டது! இரு புரதங்களின் கூட்டு இங்கேதான் முழுமையாக விளங்குகிறது. ஒன்று பிழைகளை உண்டாக்குகிறது. மற்றொன்று பிழையுற்றவற்றை உயிரோடு விட்டுவைக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, பிழைகளின் குவியலிலிருந்து வளர்ச்சிக்குச் சாதகமானவை நிலைபெறுகின்றன. கருப்பைவாய்ப் புற்றுத் திசுக்களை ஆராய்ந்தவர்கள், மூன்றாம் குரோமோசோமின் நீண்ட கரம் கூடுதல் பிரதிகளாகப் பெருகியிருப்பதை மீண்டும் மீண்டும் கண்டனர். டெலோமெரேஸின் ஒரு பகுதிக்குரிய மரபணு அக்கரத்தில்தான் உள்ளது.

முறியும் குரோமோசோம்களுக்கிடையே வைரஸின் சொந்தத் துண்டுச்சீட்டும் கிழிந்து, மனிதக் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்வதுண்டு. அப்படிச் செருகும்போது அதன் ஈ-2 என்ற மரபணு பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. ஈ-6, ஈ-7 இரண்டின் உற்பத்தியையும் அளவோடு வைத்திருந்தது அதுவே. கடிவாளம் அறுந்தது. இனி அவ்விரண்டும் மட்டற்று உற்பத்தியாகும். வைரஸுக்கும் இதனால் ஆதாயம் ஏதுமில்லை. செருகிக்கொண்ட வைரஸ் புதிய வைரஸ்களை உண்டாக்கி வெளியேற முடியாது. புற்றுநோய் அதற்கும் ஒரு முட்டுச்சந்தே.

இதற்கு உலகறிந்த சான்று ஹீலா உயிரணுக்கள். 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், 30 வயதான ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து அவருடைய அனுமதியின்றி எடுக்கப்பட்டவை அவை. அவர் அவ்வாண்டு அக்டோபரில் மறைந்தார். உயிரணுக்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. உடல் ஓர் அமானிதம் என்று நம்புகிறவர்களுக்கு இந்த வரலாறு உறுத்தாமல் இராது. அவ்வுயிரணுக்களில் 46க்குப் பதிலாக எழுபது, எண்பது என்ற அளவில் குரோமோசோம்கள் உள்ளன. 18ஆம் வகை வைரஸின் துண்டு அவற்றின் எட்டாம் குரோமோசோமில், உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டும் மிக் என்ற மரபணுவின் அருகே செருகியிருக்கிறது.

இந்த ஹீலா உயிரணுக்களில் செய்யப்பட்ட ஒரு சோதனையை நான் படித்தபோது வியந்தேன். தொலைந்துபோன ஈ-2 புரதத்தை அறிஞர்கள் அவற்றினுள் மீண்டும் செலுத்தினர். ஈ-6, ஈ-7 உற்பத்தி அடங்கியது. உடனே பி-53 தலைதூக்கியது, ஆர்.பி. மீண்டும் வாயிலில் நின்றது. அரை நூற்றாண்டாகப் பெருகிவந்த உயிரணுக்கள் பெருக்கத்தை நிறுத்தி முதுமையடைந்தன. வேறு பல புற்றுநோய்களில் பி-53இன் மரபணுவே பழுதுபட்டுப்போகிறது. இங்கே அப்படியில்லை. காவலர் இறக்கவில்லை, நாள்தோறும் அவர்கள் குரல்வளை நெரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு குழப்பமடைந்த குரோமோசோம்களுக்கு நடுவிலும், இரு சிறு புரதங்களின் இடையறாத உழைப்பு இல்லாமல் இப்புற்று நிலைக்க முடியாது.

மாமியின் கேள்விக்கு இப்போது வரலாம்.

இந்நோயை நடத்தையோடு பிணைத்துப் பேசுவது பழைய வழக்கம். 1842இல் இத்தாலியின் வெரோனாவில் ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர், மணமான பெண்களைவிடக் கன்னியர் மடத்துப் பெண்களிடையே கருப்பைப் புற்று அரிது என்று எழுதினார். உடலுறவின்வழி ஏதோ ஒன்று பரவுகிறது என்ற சரியான ஊகத்துக்கு அது வழிகோலியது. அதே கண்டுபிடிப்பு, நோயுற்றவள் ஒழுக்கம் தவறியவள் என்ற தவறான முடிவுக்கும் பயன்பட்டது. உண்மை வேறு. ஹெச்.பி.வி. மிகவும் பரவலான தொற்று. மண வாழ்வில் உள்ள ஆண் பெண் இருபாலருள் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அதைப் பெறுகின்றனர். ஒரே கணவரோடு வாழ்ந்த பெண்ணுக்கும் அது வரலாம். பத்தில் ஒன்பது பேரிடம் ஓரிரு ஆண்டுகளில் உடலின் எதிர்ப்பாற்றலே அதைத் துடைத்துவிடுகிறது. எஞ்சியவர்களில் சிலரிடம் அது தங்கி, பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் கழித்துப் புற்றாகிறது. யாரிடமிருந்து, எப்போது என்பதை அந்நாளில் எவரும் சொல்ல முடியாது. நோயைச் சாட்சியாக வைத்து ஒருவரின் ஒழுக்கத்தை அளக்க மருத்துவத்திலும் இடமில்லை.

கத்னா செய்த சமூகங்களில் இந்நோய் குறைவு என்பது கற்பனையன்று. யூதப் பெண்களிடையே இது அரிது என்று மேலைநாட்டார் கண்டனர். இந்தியாவிலும் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட ஆய்வுகள் முஸ்லிம் பெண்களிடையே இது குறைவு என்று காட்டின. 2002இல் ஐந்து நாடுகளின் தரவுகளைத் தொகுத்து வெளிவந்த ஆய்வில், கத்னா செய்யாத ஆண்களில் 19.6 விழுக்காட்டினரிடமும் செய்தவர்களில் 5.5 விழுக்காட்டினரிடமும் ஹெச்.பி.வி. காணப்பட்டது. இதைச் சொல்லும்போது நம் சமூகத்துக் கட்டுரையாளர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நான் நிறுத்த விரும்பவில்லை. உகாண்டாவில் சீட்டுக்குலுக்கல் முறையில் பிரித்து நடத்தப்பட்டு 2011இல் வெளியான, மேலும் நம்பத்தக்க ஆய்வு ஒன்று உண்டு. கத்னா செய்த ஆண்களின் மனைவியரில் 27.8 விழுக்காட்டினரிடம் அபாய வகை வைரஸ் இருந்தது. செய்யாதவர்களின் மனைவியரிடம் 38.7 விழுக்காடு. குறைந்தது உண்மை. ஆனால் கத்னா செய்தவர்களின் மனைவியரிலும் நான்கில் ஒருவருக்கு மேல் தொற்று இருந்ததும் உண்மை. ஆண்கள் அனைவரும் கத்னா செய்துகொள்ளும் மொராக்கோவில், பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுக்கு அடுத்த இடத்தில் இருப்பது கருப்பைவாய்ப் புற்றே. சுன்னத் ஓர் அருள். அதைக் கோட்டைச்சுவராக எண்ணி வாயிலைத் திறந்து போட்டுவிட்டு உறங்குவது நம் தவறு.

2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்ததாகவும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. 15, 20 ஆண்டு அவகாசம் தரும் நோயில் இத்தனை இறப்பு என்பதுதான் மனத்தை வருத்துகிறது. அந்த அவகாசத்தை எளிய முறையில் பயன்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது நம் தமிழகத்து ஊர் ஒன்று.

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ சமூக நல மருத்துவமனையை மையமாகக் கொண்டு, பன்னாட்டு முகமையின் ஆர். சங்கரநாராயணன் தலைமையில் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. மாவட்டத்தின் 114 ஊர்த்தொகுதிகள் இரு சமபாதியாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாதியில் 30 முதல் 59 வயதுவரையுள்ள 49,311 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். 31,343 பேர் வந்தனர். பரிசோதனை என்ன? பயிற்சி பெற்ற செவிலியர், நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது ஏறக்குறைய நம் சமையலறை வினிகரை, கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பது. ஈ-7 எழுப்பிவிட்ட இடத்தில் உயிரணுக்கள் பெருத்த உட்கருக்களோடு நெருங்கிக் கிடக்கும். அங்கே புரதம் மிகுதி. அமிலம் பட்டதும் அப்புரதம் சிறிதுநேரம் உறைந்து, அவ்விடம் மட்டும் வெண்திட்டாகத் தெரியும். கோடிக்கணக்கில் செலவிட்டு ஆய்வகங்களில் அறியப்பட்ட ஒரு புரதத்தின் வேலை, கிராமத்துச் செவிலியின் கண்ணுக்குத் துலங்கிவிடுகிறது. தக்கவர்களுக்குச் செவிலியரே அங்கேயே உறைகுளிர் சிகிச்சை அளித்து அத்திட்டை நீக்கினர்.

முடிவுகள் 2007இல் வெளியாயின. ஒரே ஒரு முறை செய்த இப்பரிசோதனையால் நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒப்பீட்டுக்கென வழக்கமான கவனிப்பிலேயே விடப்பட்ட 30,958 பெண்களில் 92 பேர் இந்நோயால் இறந்தனர். இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளில் பரிசோதனையின்றி ஒரு குழுவை வைத்திருந்தது அறமா என்ற வினா பின்னர் எழுந்தது. எழ வேண்டிய வினாதான். அந்த 92 பேரையும் எண்ணாமல் இந்த 35 விழுக்காட்டை மட்டும் மேற்கோள் காட்டக்கூடாது. தமிழக அரசு 2007இல் தேனி, தஞ்சை மாவட்டங்களில் இப்பரிசோதனையை முன்னோடியாகத் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் அரசு மருத்துவ நிலையங்களுக்கு விரிவாக்கியது.

இதைவிடக் கூரிய முறை வைரஸின் மரபுப்பொருளையே தேடுவது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு ஹெச்.பி.வி. பரிசோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அந்த ஆய்வில் வினிகர் முறை அவ்வளவு பயன் தரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பார்க்கும் கண்ணின் பயிற்சியைப் பொறுத்தது அது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் ஹெச்.பி.வி. பரிசோதனையையே முதன்மையாகப் பரிந்துரைத்தது. இதற்கான மாதிரியைப் பெண் தானே தனியறையில் எடுத்துக் கொடுக்கலாம். ஹயாவைப் பேணும் நம் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறென்ன இருக்கிறது என்று நான் எண்ணுவதுண்டு.

தடுப்பூசி பற்றி நம்மிடையே உலவும் அச்சத்துக்கும் இரு சொற்கள். அதில் இருப்பது வைரஸின் வெளியோட்டுப் புரதம் மட்டுமே. ஈ-6, ஈ-7 இரண்டும் அதில் இல்லை, மரபுப்பொருளும் இல்லை. உள்ளே சரக்கில்லாத வெறும் பெட்டி என்று கொள்ளலாம். 2010இல் ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த முன்னோடித் திட்டம் நிறுத்தப்பட்டபோது எழுந்த கண்டனம் பெரிதும் நியாயமானது. பழங்குடிச் சிறுமிகளிடம் முறையாக ஒப்புதல் பெறவில்லை என்பது அதன் சாரம். சிறுமியரின் இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமன்று என்று விசாரணைக் குழு கண்டது. அந்நிறுத்தத்தால், அம்பிளிக்கையும் ஒரு மையமாக இருந்த வேறோர் ஆய்வில் ஏறத்தாழ 5,000 சிறுமியர் ஒரே தவணையோடு நிற்க நேர்ந்தது. அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிட்ட முடிவு, ஒரு தவணையே 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றை 95 விழுக்காடு தடுப்பதாகக் காட்டியது. முஸ்லிம் நாடுகளில் மலேசியா 2010இலேயே பள்ளிச் சிறுமியருக்கு இதைத் தொடங்கியது. இந்தோனேசியா, பங்களாதேஷ் ஆகியவை 2023இல் தடுப்பூசித் திட்டங்களை மேற்கொண்டன. 2022இல் இந்தியாவிலேயே தயாரான தடுப்பூசிக்கும் ஒப்புதல் கிடைத்தது.

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று கற்றவர்கள் நாம். அதே வெட்கம் தமக்குத் தேவையான அறிவைக் கேட்பதிலிருந்து தடுக்கவில்லை என்பதற்காகவே அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) புகழ்ந்தார்கள். என் பெரியம்மா இரத்தப்போக்கை எட்டு மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. மாதவிடாய் நின்று ஆண்டுகள் பல ஆகியிருந்த நிலையில், திரும்பவும் தொழுகை விடுபடுகிறதே என்பதுதான் அவருடைய கவலையாக இருந்திருக்கிறது. அது நோயின் இரத்தம், தொழுகையைத் தடுக்காது என்ற மார்க்கச் சட்டத்தைக்கூட அவர் எவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கேள்வியே அவரை மருத்துவரிடம் சேர்த்திருக்கும்.

இவற்றில் ஒரு சிறு பகுதியைத்தான் அன்று மாப்பிள்ளையூரணியில் அந்த உள்ளறையில் சொல்ல முடிந்தது. சுன்னத் தொற்றைக் குறைக்கும், முற்றாகத் தடுக்காது என்றேன். இருபது ஆண்டுகளுக்கு முன் வந்து தங்கிய ஒன்றுக்கு இன்று யாரையும் குற்றஞ்சொல்ல முடியாது என்றேன். கேள்வி கேட்ட மாமிக்கு அப்போது வயது 52. அரசு மருத்துவமனையில் பரிசோதனை உண்டு, காசு கேட்க மாட்டார்கள், சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்று சொன்னதையெல்லாம் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் எழுந்த பிறகு என்னருகே வந்து நின்றார்.

“பாக்குறது பொம்பளைதானம்மா?” என்றார்.

ஆம் என்றேன். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, வியாழக்கிழமை தன்னை அழைத்துப் போக முடியுமா என்று கேட்டார்.